தோளை இறக்குங்க, ஐயா

உறையூரில் அனீஸிடம் போட்டோ எடுத்துக்கொண்ட யாரும் முறைத்துக்கொண்டு நின்றதாகச் சரித்திரம் இல்லை. எப்பேர்ப்பட்ட ஆளையும் பேச்சுக் கொடுத்தே இளக்கிவிடுவான். இளகியவர்கள் மாமியார் சண்டை முதல் மூலவியாதி வரை அவனிடம் கொட்டித் தீர்ப்பார்கள். அவன் "ஐயையோ, அப்புறம்?" என்று கேட்டபடியே கிளிக் செய்துவிடுவான்.

அன்று உப்பிலியபுரத்திலிருந்து வந்த வீரமலை மட்டும் இளகுகிற வழியாக இல்லை. விளைச்சலைப் பற்றிக் கேட்டாயிற்று, பேரனைப் பற்றிக் கேட்டாயிற்று. மனிதர் ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் அவர் மனைவி அமிர்தம் அனீஸைக் கவுண்டர் பக்கம் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அவர் படத்தைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டுத் தர வேண்டுமாம். மேலே மாலை தொங்கவிடக் கொக்கி வேண்டுமாம். கீழே குட்டியாக ஒரு சிவப்பு பல்பும் எரிய வேண்டுமாம்.

"அம்மா, அதெல்லாம் போய்ச் சேர்ந்தவங்க படத்துக்குப் பண்றதுங்க" என்றான் அனீஸ்.

"தெரியும் தம்பி. வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க. சனிக்கிழமை வீடு பூரா சொந்தக்காரங்க வந்துடுவாங்க. அந்த நேரத்துல யாரு அலையறது?"

ஐயாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று கேட்டுப் பார்த்தான். குத்துக்கல்லாட்டம் இருக்கிறார் என்றாள், கொஞ்சம் சலிப்போடு. இந்தப் பேச்சு அவர் காதுக்குப் போக வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

அனீஸ் சுவர்க் காலண்டரைப் பார்த்தான். யா அல்லாஹ், இன்றைக்கே செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டதே. பாவம், அந்த மனுஷர் எதுவும் தெரியாமல் மீசையை நீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அமிர்தம் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். ஒரு வாய் காப்பி குடித்தால் அவருக்கு முகம் தெளியும் என்றாள். அனீஸ் யோசிக்கவில்லை. கால் தடுக்கியவன் மாதிரி கேமரா ஸ்டாண்டோடு அவள் மேல் சாய்ந்தான். காப்பி முழுக்கத் தரையில் ஓடியது. ஆயிரம் மன்னிப்புக் கேட்டான். பிறகு, ஃபிரேமை நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்து வாருங்கள் என்று அவளை எதிர்க்கடைக்கு அனுப்பிவைத்தான்.

அவள் தெருவைத் தாண்டியதும், முகவாயைத் திருப்பிவிடுகிற சாக்கில் வீரமலையின் காதருகே குனிந்தான்.

"தோளை இறக்குங்க, ஐயா" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவன், கொக்கி, பல்பு, வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். வீட்டுக்குப் போக வேண்டாம், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம், நானே வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான்.

வீரமலை அவன் பக்கம் திரும்பினார். பிறகு தோள் இறங்கியது. நெற்றிச் சுருக்கம் போயிற்று. கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார். அனீஸின் விரல் தன்னால் பட்டனை அழுத்திவிட்டது. அத்தனை அழகான படம் அவனுக்கு வருஷக்கணக்கில் அமைந்ததில்லை.

"ரொம்ப நல்ல புள்ளையா இருக்கீங்க" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார் வீரமலை. "ஒரே ஒரு உதவி பண்ணுங்க. என்னோட ஃபிரேம் ஞாயித்துக்கிழமைக்கு மேலதான் கிடைக்கும்னு அவகிட்ட சொல்லிடுங்க."

"எதுக்குங்க ஐயா?"

"மண்ணச்சநல்லூர்ல அவ படத்துக்கு பல்பு வெச்சுத் தரச் சொல்லியிருக்கேன் தம்பி. சனிக்கிழமைதான் ரெடியாகுமாம்."