உதவிக்கு வந்தவர்

“நான் உதவி கேட்டு வரேல்லைத் தங்கச்சி. எங்கட சனத்துக்கு உதவி செய்ய வந்தனான்” என்றார் வின்சென்ற், கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி. “தொல்க் வேலை.”

மொழிபெயர்ப்பாளரை ஒஸ்லோத் தமிழர் அப்படித்தான் சொல்வார்கள். சமூக உதவி அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். பழைய கோட்டு, பனியில் நனைந்த சப்பாத்து, மடியில் ஒரு பிளாஸ்ரிக் பை.

வின்சென்றின் உள்பையில் கட்டாத கறண்ட் பில் ஒன்று மடிந்து கிடந்தது.

2003ஆம் ஆண்டு மாசி மாதம். நோர்வேயில் மழை குறைந்து அணைகளில் தண்ணீர் இறங்கியதால் கறண்ட் விலை தாறுமாறாக ஏறியிருந்தது. வருமானம் குறைந்த குடும்பங்கள் வீட்டைச் சூடாக்க அரசாங்கம் அவசர உதவி அறிவித்திருந்தது.

வின்சென்றுக்கு ஹோட்டலில் கோப்பை கழுவுகிற வேலை. கிறிஸ்மஸுக்குப் பிறகு அதுவும் அரைநாளாகிவிட்டது. ஹொல்ம்லியாப் பகுதியில் இருந்த வீட்டில் ஒரு அறையில் மட்டும் ஹீற்றரைப் போட்டுவிட்டு, இரண்டு மகள்மாரும் தொப்பியோடு இருந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். வெள்ளிக்கிழமை கறண்டை வெட்டப்போவதாகக் கடிதம் வந்திருந்தது.

இதில் கேடு என்னவென்றால், இரண்டு கிழமைக்கு முதல்தான் அவர் தேவாலயத்தில் பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் ஒரு பிரசங்கமே வைத்திருந்தார். “எங்கட சனம் இதுக்கும் கையேந்துதுகள். ஒரு சுவெற்றரைக் கூடப் போட்டால் காணும்.”

மனைவி யோசெப்பின் அதைக் கேட்டுக்கொண்டே கோப்பியைக் குடித்து முடித்தாள். வீட்டுக்கு வந்து விண்ணப்பப் படிவத்தை எடுத்து நிரப்பினாள். கட்டங்களில் புள்ளடி போட்டதும் அவள்தான். வின்சென்ற் எல்லாவற்றையும் வாசித்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

இன்று காலையில் அவர் கழுத்துப்பட்டி கட்டுவதைப் பார்த்து, “காசு கேக்கப் போறியள், கலியாணத்துக்கில்லை” என்றாள்.

“ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம்?” என்றார் அவர். அலுவலகத்துக்கு வந்து இருந்து ஐந்து நிமிடமாகவில்லை, “வணக்கம் அண்ணை” என்று இந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“தங்கச்சி இஞ்சை முதல்தரமோ?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணை. கிழமையிலை மூண்டு நாளாவது வாறனான்.”

மூன்று நாள். வின்சென்றின் மனம் இளகியது. தன்னைவிடக் கஷ்டப்படுகிற ஒருத்தி கிடைத்ததில் சின்ன ஆறுதலும் வந்தது. அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார், ஆனால் ஆறுதல் போகவில்லை.

“யோசியாதையுங்கோ. பாஷை பிடிபடாட்டில் எனக்குச் சொல்லுங்கோ, நான் உள்ளை வந்து கதைச்சுவிடுறன்.”

“அண்ணைக்கு நொஸ்க் நல்லா வரும்போலை.”

“பதினாலு வருசமெல்லோ.”

அந்தப் பதினாலு வருடத்தில் ஹோட்டல் சமையலறையில் அவருக்கு நோர்வே மொழியில் தேவைப்பட்டவை தட்டு, கோப்பை, கெதி என்ற மூன்று சொற்கள்தான்.

அவள் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டினாள். “அதிலை என்ன போட்டிருக்கு அண்ணை?”

அதில் ஒரு கிழவரின் படம் இருந்தது. கீழே ஏதோ நீளமாக எழுதியிருந்தது. “வயசான ஆக்களுக்கு உதவிக்காசு கூடக் குடுக்கினமாம்” என்றார் வின்சென்ற்.

“பக்கத்திலை ஊசிப் படம் ஏன் போட்டிருக்கு?”

வின்சென்ற் அப்போதுதான் ஊசியைக் கவனித்தார். “குளிருக்கை இருந்தால் வருத்தம் வருமெல்லோ. அதைத்தான் சொல்லினம்.”

“அப்பிடியோ” என்று சொல்லிவிட்டு அவள் வாயைப் பொத்தி இருமினாள். பாவம், வீட்டில் சூடில்லை என்று நினைத்துக்கொண்டார்.

“நான் புஷ்பமலர். அண்ணையின்ர பேர்?”

“என்னை எல்லாரும் மாஸ்ரர் எண்டுதான் கூப்பிடுறவை.” அன்றுவரை அவரை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

சரியாகப் பத்து மணிக்குக் கதவு திறந்தது. அதிகாரி கையிலிருந்த பைலைப் பார்த்து, “வின்சென்ற் பிலிப்” என்று வாசித்தாள்.

வின்சென்ற் கூரையைப் பார்த்தார்.

“வின்சென்ற் பிலிப்?”

“ஆரோ எங்கட ஆள் போலை” என்றாள் புஷ்பமலர்.

“ஓம். ஆள் வரேல்லைப் போலை கிடக்கு” என்றார், காது இரண்டும் சுட.

அதிகாரி மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். தோளை உயர்த்திவிட்டுக் கதவைச் சாத்தப் போனாள். வின்சென்றுக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. பென்சிலைப் பிடிக்கக் கை விறைத்து, இளைய மகள் விரல்களை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. அவர் தானாக எழும்பிவிட்டார்.

“தங்கச்சி, அது நான்தான்.” “சொன்னதெல்லாம் பொய். நானும் உதவி கேட்டுத்தான் வந்தனான். உள்ளை போய் என்னெண்டு கதைக்கிறதெண்டே எனக்குத் தெரியாது. கோயிலிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ.”

புஷ்பமலர் எழுந்தாள். அதிகாரியிடம் சரளமான நொஸ்கில் ஏதோ சொன்னாள். அதிகாரி சிரித்துக்கொண்டே கதவை அகலத் திறந்துவிட்டாள்.

“சொல்லமாட்டன். உங்கட படிவத்திலை தொல்க் வேணுமெண்டு புள்ளடி போட்டுக் கிடக்கு. வாங்கோ அண்ணை, உங்கட தொல்க் நான்தான்.”