நேற்றுப் பிறந்த தம்பி

"மாத்தேயை உறிஞ்சுற மாதிரி ஒரு மனுஷனையே உறிஞ்சுறீங்களே, நல்லாயிருக்கா?"

மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டாள் நிபியா. தையல்காரி. ஆனால் ஊசியைவிட அவள் வாய்தான் கூர்மை.

எதிரே வெந்நீர் பிளாஸ்க்கும், குழல் வைத்து உறிஞ்சும் மாத்தே இலைத்தேநீர்க் குடுவையுமாக நின்றாள் லியோனோர். நாவல் எழுதுகிறவள். மொண்டேவிடியோ துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பழைய கட்டடத்தில் கீழ்வீடு அவளுடையது. வியாழக்கிழமை ஆனால் போதும், மூன்றாம் மாடி எல்பியோ வீட்டுக்குப் படியேறிவிடுவாள்.

எல்பியோ சுங்க அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை.

"நான் என்ன பண்ணினேன் நிபியா?"

"அவருக்கு எதிர்வீட்டுல இருக்கேன், காது கேக்காதா? 'பாக்கெட்ல என்ன வச்சிருப்பீங்க? எதைக் கண்டா பயம்? பொண்டாட்டி போனப்புறம் கட்டில்ல எந்தப் பக்கம் படுத்தீங்க?' இதெல்லாம் ஒரு மனுஷன்கிட்ட கேக்குற கேள்வியா?"

"கதையில வர்ற ஆளை அப்படித்தான் உருவாக்கணும். அவனைப் பத்தி எல்லாம் தெரிஞ்சாத்தான் எனக்கு முதல் வரியே எழுத வரும்."

"அதான் எழுதி, புஸ்தகமும் வந்து ஒரு வருஷமாச்சே! என் அக்கா பொண்ணு படிச்சே முடிச்சிட்டா. இன்னும் என்ன பாக்கி? இருங்க, அவர்கிட்டயே கேக்குறேன்."

லியோனோரின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, சொல்லிடாதீங்க! புத்தகம் வந்தது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா, 'இனிமே எதுக்கு வர்றே'ன்னுடுவார். கதைக்குன்னு கேட்டாத்தான் அந்த மனுஷன் வாயே திறக்கிறார். பாவம், பேச்சுத்துணைக்குக்கூட நாதியில்லை அவருக்கு."

நிபியாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக எதிர்வீட்டில் இருக்கிறாள், ஒருநாளாவது அந்தக் கதவைத் தட்டியிருக்கிறாளா?

அடுத்த புதன்கிழமை நல்ல மழை. மழை வந்தால் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு மாவு ரொட்டி பொரிப்பார்கள். நிபியாவும் பொரித்து, ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு எல்பியோ வீட்டுக்குப் போனாள்.

உள்ளே யாரிடமோ பேசும் சத்தம். கதவைத் திறந்தவர் தனியாகத்தான் இருந்தார்.

"யார்கிட்ட அண்ணே பேசிட்டிருந்தீங்க?"

"என் தம்பிகிட்ட."

"உங்களுக்குத் தம்பி இருக்காரா?"

"நேத்துதான் பொறந்தான். வயசு அறுபது." எல்பியோ சிரித்தார். "திமிங்கில வேட்டைக் கப்பல்ல போனவன். இடது கையில ரெண்டு விரல் கிடையாது. எப்படிப் போச்சுன்னுதான் யோசிச்சிட்டிருக்கேன். நாளைக்கு கீழ்வீட்டு அந்தம்மா வந்து கேட்டா, திருதிருன்னு முழிக்கக் கூடாதில்ல?"

"அப்போ, இவ்வளவு நாளா நீங்க சொன்னதெல்லாம்?"

"முப்பது வருஷம் பெட்டிமேல முத்திரை குத்தினவன்மா நான். என் சொந்தக் கதை மூணே வாரத்துல தீந்துபோச்சு. மத்ததெல்லாம் உக்காந்து உருவாக்கினதுதான். லேசுப்பட்ட வேலைன்னு நினைக்காதே. போன மாசம் மறந்துபோய், செத்த அத்தையை மீன் வாங்கச் சந்தைக்கு அனுப்பிட்டேன். நல்லவேளை, அவங்க கவனிக்கலை."

நிபியாவுக்கு வந்ததே கோபம்!

"அடப்பாவி மனுஷா! உங்க மேல இரக்கப்பட்டு ஒருத்தி படியேறி வர்றா. நீங்க உக்காந்து புளுகு மூட்டையை அவிழ்த்து விடுறீங்களா? அவங்க புஸ்தகம் வந்தே ஒரு வருஷமாச்சு, தெரியுமா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கெட்டது குடி. இனி அந்த வீட்டில் வியாழக்கிழமை கிடையாது, அதுவும் தன் வாயால்.

எல்பியோ நிதானமாக ஒரு ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"தெரியும்மா. வந்த வாரமே வாங்கிப் படிச்சிட்டேன்."

"தெரிஞ்சுமா இப்படி?"

"மெதுவாப் பேசு, கீழ கேக்கும்." அவரே போய்க் கதவைச் சாத்தினார். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவங்க வர்றதை நிறுத்திடுவாங்க. அவங்க வீட்டு மணியை யாரும் அடிச்சு நான் பார்த்ததே இல்லை. பாவம், இந்தக் கட்டடத்துல அந்தம்மாவுக்குத் திறக்க, என் கதவை விட்டா வேற எந்தக் கதவும்மா இருக்கு?"