பாசி மூடிய கல்வெட்டு

மலைப்பாதை ஓரம் வேர்கள் சுற்றி வளைத்திருந்த கட்டடத்தைப் பார்த்து, நடைக் குழுவே வாயைப் பிளந்தது.

“எப்படியும் இருநூறு வருஷம் இருக்கும்!” என்றார் டாக்டர்.

அவருடைய பக்கத்து வீட்டுக்காரரான ரிட்டயர்டு இன்ஜினியர் தலையை மட்டும் ஆட்டினார்.

“அட, கல்வெட்டு! பாசியைச் சுரண்டினா படிச்சிடலாம்.” டாக்டர் சாவியை எடுத்தார்.

இன்ஜினியர் பாய்ந்து குறுக்கே நின்றார். “தொடாதீங்க சார்! இயற்கையை அது போக்குல விடணும்.”

“வீட்ல ரோஜாச் செடிக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்தமாட்டீங்க, இங்க என்ன இவ்வளவு கரிசனம்?”

இன்ஜினியர் அசடு வழியச் சிரித்தார்.

அந்தக் கல்லில் கட்டியவர் என்று அவர் பெயர்தான் இருந்தது. திறப்பு விழா நடந்து ஒன்பதே வருஷம்.

அன்று சிமெண்டில் நாம் மிச்சம் பிடித்ததற்கு, இந்த வேராவது சுவரைத் தாங்குகிறதே என்று மரத்துக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.