குசினிக்குள் ஒரு பம்பாய் வெங்காயம்

மத்தியான வெயில் குசினி யன்னலால் சரிந்து இரத்தினம்மாவின் கத்தியில் மின்னுகிறது. வாசலில் அவளுடைய புருசன் ஏரம்பு அப்படியே உறைந்துபோய் நிற்கிறார். விலைபோகாத தங்கள் தோட்டத்துச் சின்ன வெங்காயப் பிடிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, சுன்னாகம் சந்தையிலிருந்து இப்போதுதான் திரும்பியிருக்கிறார். கொழும்பு லொறிக்காரர் ஒருவர்கூட வாங்கவில்லை. இந்தியாவிலிருந்து கப்பல் வந்து இறங்கிவிட்டதாம். அந்த வெங்காயமே அவர்களுக்குப் போதுமாம். இரத்தினம்மாவின் கையிலும் அதுதான்! உள்ளங்கை நிறைய, உருண்டு திரண்ட பம்பாய் வெங்காயம். “உது எங்காலையடி?” ஏரம்பு கேட்கிறார். “சந்திக் கடையிலை. அரைவாசி விலை!” அவள் நிமிராமலே சிரிக்கிறாள். “கறிக்கு ஒண்டே காணும், அவ்வளவு பெரிசு. உரிக்கிற வேலையும் மிச்சம்.” “வீடு முழுக்க எங்கடை வெங்காயம் தொங்குதே...” “நல்ல கதை! அது விக்கிற சாமான் எல்லோ? அதை வித்துத்தானே வருசம் முழுக்க அரிசி வாங்கவேணும். ஒரு பிடியிலைகூட நான் கை வைக்கேல்லை.” பெருமையோடு நிமிர்ந்தவளின் பார்வை அவர் தோளைத் தாண்டி முற்றத்துக்குப் போகிறது. சைக்கிளின் பின்னால், காலையில் அவளே கட்டிவிட்ட கயிறுகூட அவிழாமல், சிவப்புச் சிவப்பாய் அத்தனை பிடியும் அப்படியே. கத்தி பாதி வெங்காயத்தில் நிற்கிறது. அடுப்பில் சட்டி எண்ணெய் புகையத் தொடங்குகிறது. இறக்கி வைக்க இருவருக்குமே கை எழவில்லை.