முப்பது பவுண்டு மாமனார்

“அக்கா, எனக்கும் முப்பதே கட்டிடுங்க!”

ஹலீமா நிமிர்ந்து பார்த்தார். சிங்கப்பூர் தெம்பனிஸ் வட்டாரத்து அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் மெஷின் வைத்து, பூப்பந்து ராக்கெட்டுகளுக்கு ஸ்ட்ரிங் கட்டிக்கொடுப்பவர் அவர். வாசல் கேட்டில் ராக்கெட்டை மாட்டிவிட்டுப் போனால் போதும், மறுநாள் அதே இடத்தில் தயாராகத் தொங்கும். அகிலன் மட்டும் மாட்டிவிட்டுப் போகிற ஆளில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து புலம்பிவிட்டுத்தான் போவான்.

“முப்பது பவுண்டா? போன தடவை இருபத்திரண்டுதானே தம்பி? திடீர்னு என்ன வந்துச்சு?”

அகிலன் மெஷினைக் காட்டினான். அதில் பாதி கட்டிய ராக்கெட் ஒன்று இருந்தது. கைப்பிடியில் மஞ்சள் துணி. மெஷின் திரையில், ஸ்ட்ரிங்கின் இறுக்கம் 30 பவுண்டு என்ற எண்.

“அது தனசேகரன் அங்கிளோடதுதானே? அந்த மஞ்சளை எங்க பார்த்தாலும் எனக்குத் தெரியும்.”

“அடுத்தவங்க ராக்கெட் பத்தி நான் பேச மாட்டேன் லா.”

“நீங்க பேச வேணாம். ஞாயித்துக்கிழமை அவர்கூட மேட்ச். ஜெயிச்சாத்தான் எனக்கு சிவானி!”

விஷயம் இதுதான். அகிலனும் சிவானியும் நான்கு வருடக் காதலர்கள். அரசு கட்டித்தரும் வீவக புது வீட்டுக்கு இருவருமாக விண்ணப்பித்து, குலுக்கலில் நம்பரும் கிடைத்துவிட்டது. சிங்கப்பூரில் இது பாதிக் கல்யாணம். மீதிப் பாதி, சிவானியின் அப்பா தனசேகரன் கையில் இருந்தது.

அவர் சும்மா இருந்தாரா? மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே, ஃபேரர் பார்க் காப்பிக்கடையில், பூப்பந்துக் கூட்டாளிகள் அத்தனை பேர் முன்னாலும் மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டார்: “கோர்ட்ல என்னை ஜெயிக்கிறவன்தான் என் மாப்பிள்ளை!” கூட்டாளிகள் அதை இன்றுவரை மறக்கவில்லை. அவரும் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளில்லை. “நான் என்ன கோப்பையாப்பா?” என்று சிவானி கத்திப் பார்த்தாள். பலிக்கவில்லை. அப்பா சம்மதிக்காமல் கல்யாணத்தைப் பதிவு செய்ய அவளுக்கும் மனசு வரவில்லை.

“இதுக்கு முன்னாடி அவர்கூட ஆடியிருக்கியா?” என்று கேட்டார் ஹலீமா.

“நிறைய. ஒரு தடவைகூட பத்து பாயிண்டைத் தாண்டினதில்லை. சாத்து சாத்துன்னு சாத்திட்டு, அவரே மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிக் குடுத்து, கார்ல வீட்ல விட்டுட்டுப் போவாரு. இப்ப முப்பது பவுண்டு வேறயா? என்னைக் கோர்ட்லயே புதைச்சிடுவாருக்கா! எனக்கும் முப்பது கட்டுங்க. அடி இடி மாதிரி விழட்டும்.”

“யாரு உனக்கு இதெல்லாம் சொல்றது? இறுக்கிக் கட்டினா ஸ்ட்ரிங் ஷட்டிலைத் தள்ளாது, கைதான் தள்ளணும். நேஷனல் பிளேயர் மணிக்கட்டு வேணும் அதுக்கு. உன் கைக்குக் கட்டினா ஷட்டில் நெட்டைத் தாண்டாது, முழங்கை வலிதான் மிச்சம்.”

“அப்ப இந்த ஐம்பத்தெட்டு வயசுல அவருக்கு அந்த மணிக்கட்டு இருக்கா?”

ஹலீமா குனிந்து மஞ்சள் கைப்பிடி ராக்கெட்டில் அடுத்த இழையைக் கோர்த்தார். அகிலனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“மூஞ்சியைத் தொங்கப் போடாதே. உனக்கு இருபத்திமூணு கட்டித் தர்றேன். உயரமாத் தூக்கிப் பின்னாடி அடிச்சுக்கிட்டே இரு. மத்ததை அல்லா பார்த்துக்குவான்.”

ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கடைக் கூட்டம் மொத்தமும் அரங்கில் ஆஜர். தனசேகரன் காற்றில் இரண்டு வீச்சு வீசியதுமே அகிலன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் நடந்ததை யாராலும் நம்ப முடியவில்லை. அவருடைய ஸ்மாஷ் நெட்டில் போய் மோதியது. பின்கோட்டுக்குப் போகவேண்டிய ஷட்டில் பாதி வழியிலேயே விழுந்தது. அவர் விளக்கைத் திட்டினார், ஷூவைத் திட்டினார், ராக்கெட்டை உதறினார். மூச்சிரைக்க அடித்துத்தான் பார்த்தார். ஒன்றும் போகவில்லை.

அகிலனும் சும்மா ஜெயிக்கவில்லை. பயத்தில் மூன்று சர்வீஸை வெளியே அடித்து, வழுக்கி விழுந்து எழுந்து, கடைசி ஷட்டிலைக் கண்ணை மூடிக்கொண்டுதான் அடித்தான். அது கோட்டுக்குள் விழுந்தது.

தனசேகரன் நெட்டுக்கு அடியில் கை நீட்டினார். “சொன்னா சொன்னதுதான். அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க, மாப்ளே!”

சிவானி ஓடிவந்து இரண்டு பேரையும் திட்டினாள். திட்டும்போதே அழுதாள், சிரித்தாள்.

திங்கள் சாயங்காலம் ஹலீமா வீட்டு மணி அடித்தது. மஞ்சள் கைப்பிடி ராக்கெட்டோடு தனசேகரன் நின்றார். முழங்கையில் வலிப் பிளாஸ்திரி.

“ஹலீமா, இந்த ஸ்ட்ரிங்கை வெட்டிப் போட்டுட்டு, எப்பவும் போல இருபத்திரண்டு கட்டும்மா. அடுத்த ஞாயிறு சம்பந்தியோட ஆட்டம். அதுல விட்டுக்குடுக்க முடியாது.”

“முப்பது உங்க கைக்கு ஆகவே ஆகாதுன்னு அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனேண்ணே. கேட்டீங்களா?”

“ஆகாதுன்னு நீ சொன்னதாலதானேம்மா அதையே கட்டச் சொன்னேன்!” தனசேகரன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பையன் தங்கம், ஆட்டம்தான் சுட்டுப்போட்டாலும் வராது. இருபத்திரண்டோட இறங்கியிருந்தா, என் பொண்ணுக்கு இந்த ஜென்மத்துல கல்யாணம் ஆகுமா?”