நாலாம் நாள்

நீல மூடிக் குழாயில் ஸ்வர்ணாவின் ரத்தம் அளவுக் கோட்டைத் தொடும்வரை பத்மஜா அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பதிமூன்று வயது. பெரியவளாகிப் பதினோரு நாள். உதிரப்போக்கு இன்னும் நிற்கவில்லை.

பெஞ்சில் சாய்ந்திருந்த மகளின் உதடும் கன்னமும் ஒரே நிறமாக வெளிறியிருந்தன.

ரத்தத்தை உறைய வைக்கும் சத்து ஏதோ ஒன்று குறைகிறது, எதுவென்று தெரிந்தால்தான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கண்டுபிடிக்கத் திருத்தணியில் வசதி இல்லை. எஸ்.டி.டி. பூத்தை ஒட்டிய இந்த லேபில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அடுத்த ரயிலில் சென்னைக்கு அனுப்ப வேண்டும். ரயிலுக்கு இன்னும் இருபது நிமிஷம்.

லேப் பெண் கயல்விழி குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினாள். ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சு மூன்றாவது முறையாகச் சிவந்தது. அதை மாற்றிவிட்டுப் பரிசோதனைப் படிவத்தை இழுத்துக்கொண்டாள்.

“அம்மாவுக்கோ, அம்மா வகையில யாருக்காச்சுமோ இப்படி நிக்காம போய்க்கினு இருந்துச்சாங்க? தெரிஞ்சா எதை மொதல்ல பாக்கணும்னு எழுதி அனுப்புவேன். இன்னொரு வாட்டி எடுக்கப் பாப்பா உடம்புல ரத்தம் வேணுமே.”

ஸ்வர்ணாவின் அப்பா சேஷகிரி முந்திக்கொண்டார். மலைக்கோயில் மடைப்பள்ளியில் நைவேத்தியம் சமைப்பவர். மடி, ஆசாரம் என்றால் அவர்தான் என்று தெருவே சொல்லும்.

“அதெல்லாம் கிடையாதும்மா. இவ மூணு நாள் ஒதுங்கினா, நாலாம் நாள் கார்த்தால டாண்ணு தலைக்குக் குளிச்சுட்டு அடுப்படிக்கு வந்துடுவா. பதினாறு வருஷத்துல ஒரு தடவைகூட அந்தக் கணக்கு தப்பினதில்லை.”

அந்தக் குரலில் இருந்த பெருமை பத்மஜாவுக்குப் பழக்கமானது. அதைக் கேட்டுக்கேட்டே பதினாறு வருஷம் ஓடிவிட்டது.

கயல்விழி ‘இல்லை’ என்று எழுதப் பேனாவைத் திறந்தாள்.

பஞ்சு நான்காவது முறையாகச் சிவந்தது.

பத்மஜா ஜாக்கெட் கையை மேலே ஏற்றிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

“எழுதாதீங்கோ. எனக்கும் எடுத்துடுங்கோ. எனக்கு இன்னிக்கு ஒன்பதாம் நாள், இன்னும் நிக்கலை.”

சேஷகிரி சிரிக்கப் போய், பாதியில் நிறுத்தினார்.

சாயங்காலம் அவர் உடுத்திக்கொண்டு மலையேற வேண்டிய மடி வேட்டியை, எல்லா மாதத்தையும் போல, விடியலில் அவள்தான் நனைத்துப் பிழிந்து உயரக் கொடியில் உலர்த்திவிட்டு வந்திருந்தாள்.