சந்தேகப் பிராணி

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் மாரிசெல்வியைப் பார்த்துக்கொண்டே போனில் யாரிடமோ சொன்னார்: "வெரி சஸ்பீசியஸ் சார்."

வெளியே, காவல் நிலையத்து பெஞ்சில் இருந்த மாரிசெல்வி மகளின் கையைச் சுரண்டினாள்.

"ஏட்டி ரோசா, என்னையப் பாத்து என்னமோ இங்கிலீசுல சொல்றாகளே, என்னன்னு?"

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ரோஜாவுக்கு அந்தச் சொல் தெரியும். பதில் சொல்லுமுன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவுக்கு நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. வாங்கி வந்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"சந்தேகப்படுறவகன்னு அர்த்தம்மா. எதையும் லேசுல நம்பாதவக."

மாரிசெல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பின்னே? நேற்றுக் காலை பட்டாசு ஆலையில் அவள் அதைத்தானே செய்தாள். முந்தின நாள் கலந்து மிச்சம் வைத்திருந்த வெடிமருந்தைக் கண்டதும் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ராத்திரி தாண்டிய கலவை கை பட்டாலே வெடிக்கும், அதைத் தொடாதீர்கள், ஆள் வைத்து முறைப்படி அழித்துவிடுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தினாள்.

போர்மேன் முத்துக்கருப்பன் சிரித்தார். சரியான சந்தேகப் பிராணி என்றார். கூட வேலை பார்க்கும் பெண்களும் சிரித்தார்கள். இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. விறுவிறுவென்று வேப்பமரத்தடிக்குப் போனாள். முந்தானையை உதறி உட்காருவதற்குள் அறை இருந்த இடத்தில் அறை இல்லை.

போர்மேனும் இல்லை, சிரித்தவர்களும் இல்லை. அவள் கத்தியதைக் கேட்டவர் என்று சொல்ல ஒரு ஜீவன் மிச்சமில்லை. நான் சொன்னேனே, நான் சொன்னேனே என்று விடிய விடியப் புலம்பியவள், பாவம்.

இப்போது ஒரு பெரிய அதிகாரியே புரிந்துகொண்டுவிட்டார். அவள் ஆறிய டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டு தரம் நாக்கு புரண்டது. அப்புறம் வந்துவிட்டது.

பெண் போலீஸ் கூப்பிட்டார். மாரிசெல்வி கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு உள்ளே போனாள்.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சந்தேகப்படுகிறவரையும் அப்படிச் சொல்லலாம். சந்தேகத்துக்கு ஆளானவரையும் அப்படித்தான் சொல்வார்கள். ரோஜாவுக்கு அதுவும் தெரியும். அம்மா ஒரு வாய் டீயாவது குடிக்கட்டும் என்றுதான் அர்த்தத்தில் பாதியைச் சொல்லாமல் விழுங்கியிருந்தாள்.

பதறி எழுந்து ஓடினாள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. பிசிறில்லாத குரல். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"ஆமாங்கய்யா. அம்புட்டுப் பேருலயும் நான் ஒருத்திதான் சஸ்பீசியஸ்."